மகனுக்குப் பிடித்த பிட்ச்சரை விட்டுக்கொடுக்கலாமா?

கேள்வி:

டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் குடியிருக்கிறேன். ஐ.டி. வேலை. ஊரில் இருக்கும் ரஃப்ரைடர்ஸ் பேஸ்பால் அணி, டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் கிளப்பின் டபுள்-ஏ அணி, அதாவது மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே. அதன் ஆட்டங்களுக்கு நானும் பத்து வயது மகனும் தவறாமல் போவோம். அலுவலக நண்பர்கள் 12 பேர் சேர்ந்து டைனஸ்டி ஃபேன்டஸி லீக் ஒன்றும் நடத்துகிறோம். நிஜ வீரர்களைக் கற்பனை அணியாகச் சேர்த்து, அவர்களின் ஆட்ட எண்களை வைத்துப் போட்டி போடுவது. ஆண்டுதோறும் அணியைக் கலைக்காமல் வீரர்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வழக்கமான 5x5 கணக்கு, அதாவது பேட்டிங்குக்கு ஐந்து பிரிவு, பிட்ச்சிங்குக்கு ஐந்து பிரிவு. என்னிடம், மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகில் ஆடும் பையன்களே 19 பேர் இருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளாக ஒருமுறைகூட முதல் மூன்று இடங்களுக்குள் வந்ததில்லை. இந்த முறை நான்காவது இடத்தில், மூன்றாம் இடத்தைத் தொட்டுவிடும் தூரத்தில் நிற்கிறேன்.

இப்போது ஒரு நண்பர் டிரேட் (வீரர் பரிமாற்றம்) பேசுகிறார். 31 வயது அவுட்ஃபீல்டர் ஒருவரைத் தருவாராம். ஆண்டுக்கு 30 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்றது) அடிப்பவர். பதிலுக்கு என்னிடமுள்ள இரண்டு பேரைக் கேட்கிறார். ஒருவர் ஃபிரிஸ்கோவில் ஆடும் 22 வயது பிட்ச்சர் (பந்து எறிபவர்). 98 மைல் வேகம். 88 இன்னிங்ஸில் 117 ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), 54 வாக் (நான்கு தவறான பந்து எறிந்து பேட்டரைச் சும்மாவே முதல் பேஸுக்கு அனுப்புவது), ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்) 2.86. கல்லூரியில் படிக்கும்போதே முழங்கைத் தசைநாருக்கான டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். மகனுக்குப் பந்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தவரும் அவர்தான். இன்னொருவர் வேறொரு கிளப்பின் டபுள்-ஏ அணியில் ஆடும் 20 வயது ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்). 400 முறை பேட்டிங் வந்து 350 அட்-பேட்டில் (வாக் போன்றவற்றைத் தள்ளிய கணக்கு) 81 ஹிட், 14 ஹோம் ரன், 44 வாக், 96 ஸ்ட்ரைக்-அவுட், 19 ஸ்டீல் (ஓடி அடுத்த பேஸைத் திருடுவது). சராசரி (அட்-பேட் ஒன்றுக்கு எத்தனை ஹிட்) .231 மட்டுமே என்பதால் இவரைக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். பிட்ச்சரைக் கொடுக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்? கொடுத்தால் மகனிடம் எப்படிச் சொல்வது? அந்த ஷார்ட்ஸ்டாப் எப்போது மேஜர் லீகுக்கு வருவார்? என் வீரர் பட்டியல் முழுவதையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

நண்பரே, வீரர்களின் பெயர்களையும் எழுதியிருந்தீர்கள். உங்கள் லீக் நண்பர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவற்றை எடுத்துவிட்டேன். பேஸ்பால் எண்களைப் பிரித்துப் பார்ப்பதே என் தொழில். அந்த வகையில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் நினைத்திருப்பதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். பிட்ச்சரைக் கொடுங்கள், ஷார்ட்ஸ்டாப்பை விடாதீர்கள்.

ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து தொடங்குவோம். அவரைத் தவறாக எடைபோட்டிருக்கிறீர்கள். .231 என்ற ஒரே எண்ணைப் பார்த்து மனம் தளர்ந்துவிட்டீர்கள். 2024-இல் மேஜர் லீக் முழுவதற்குமான பேட்டிங் சராசரியே .243-தான். அதைவிட முக்கியம், ஒரு பேட்டரைப் பற்றிய எண்களில் மிக மெதுவாக நிலைக்கு வருவது இந்தச் சராசரி. ஒரு முழு சீசன் ஆடிய பிறகும் அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு கணிசமாக இருக்கும். ஸ்ட்ரைக்-அவுட் விகிதமும் வாக் விகிதமும் அப்படியில்லை. சில வாரங்களிலேயே ஓரளவு உண்மையைச் சொல்லத் தொடங்கிவிடும். பந்தை மட்டையில் தொடுகிறானா, கெட்ட பந்தை விடுகிறானா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பேட்டரின் கண்ணும் கையும்தான் பதில் சொல்கின்றன. ஃபீல்டர் எங்கே நின்றார் என்பதற்கு அதில் வேலையில்லை.

உங்கள் பையனின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 400 முறை வந்து 96 ஸ்ட்ரைக்-அவுட் என்றால் 24 சதவீதம். மேஜர் லீகின் சராசரியே 22, 23 என்ற அளவில்தான் இருக்கிறது. 44 வாக் என்பது 11 சதவீதம். மேஜர் லீகில் 8 சொச்சம். இதை 20 வயதில், தன்னைவிட மூன்று நான்கு வயது மூத்த பிட்ச்சர்களை எதிர்த்துச் செய்கிறான். மைனர் லீகில் சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று நான்கு படிகள் இருந்தாலும், ஆளை வடிகட்டும் படி டபுள்-ஏ என்பது இந்தத் துறையில் இருப்பவர்கள் பலரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். வேகப்பந்தை மட்டும் எதிர்பார்த்து நிற்கும் பேட்டர்கள் அங்கேதான் சிக்கிக்கொள்வார்கள். உங்கள் பையன் சிக்கவில்லை.

அப்புறம் ஏன் .231? ஹோம் ரன்னையும் ஸ்ட்ரைக்-அவுட்டையும் தள்ளிவிட்டு, மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆயின என்று மட்டும் பாருங்கள். இவருக்கு .276 அளவில் வருகிறது. பெரும்பாலான பேட்டர்களுக்கு இது நாளடைவில் .300-ஐ ஒட்டி வந்து நிற்கும். இவருக்கும் அப்படி நின்றிருந்தால் கூடுதலாக ஆறு ஹிட் வந்திருக்கும், சராசரி .249 ஆகியிருக்கும். நான்கு மாதத்தில் ஆறு பந்துகள் இரண்டு அடி தள்ளி விழாமல் போனதற்காக ஒரு 20 வயதுப் பையனைக் கைவிடப் பார்க்கிறீர்கள். கூடவே 14 ஹோம் ரன், 19 ஸ்டீல் என்பதையும் மறக்காதீர்கள். உங்கள் லீகில் பேட்டிங்குக்கான ஐந்து பிரிவுகளில் இரண்டை ஒரே ஆள் நிரப்பக்கூடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ப்ராஸ்பெக்ட் (நாளை மேஜர் லீகுக்கு வரக்கூடிய இளம் வீரர்) பட்டியல்கள் நிஜக் கிளப்புகளின் தேவையை மனதில் வைத்துத் தயாராகின்றன. அங்கே ஃபீல்டிங்குக்குப் பெரிய மதிப்பு. உங்கள் லீகில் அதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஆண்ட்ரெல்டன் சிம்மன்ஸ் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருதை நான்கு முறை வாங்கிய ஷார்ட்ஸ்டாப். அவரை நம்பி ஃபேன்டஸி லீக் ஜெயித்தவர்கள் குறைவு. ஆகவே பட்டியலில் உங்கள் பையனின் இடம் அவன் கையுறையால் வந்ததா, மட்டையால் வந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் தந்த எண்களை வைத்துப் பார்த்தால் மட்டைக்கும் பங்கு இருக்கிறது. நல்ல கையுறை இருப்பது வேறொரு விதத்தில் உதவும். பேட்டிங் சரிந்த வாரங்களிலும் மேனேஜர் அவனை உட்கார வைக்க மாட்டார்.

இனி பிட்ச்சர். உங்கள் மனம் எங்கே இருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அவருக்கு ஐந்து வரி, ஷார்ட்ஸ்டாப்புக்கு மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்குப் பக்கத்து மைதானம், பேட்டருக்குப் பின்னால் இருக்கை, வேகம் காட்டும் பலகையில் 98, 99 என்று எண் மாறும்போது மகன் எழுந்து நிற்கிறான். அந்தச் சந்தோஷம் உண்மையானது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதே 88 இன்னிங்ஸில் 54 வாக் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஐந்தரை வாக். மேஜர் லீக் சராசரி மூன்று சொச்சம்.

உங்கள் 5x5 லீகில் இது என்ன செய்யும் தெரியுமா? பிட்ச்சர்களுக்கான ஐந்து பிரிவுகளில் ஒன்று விப். இன்னிங்ஸ் ஒன்றுக்கு எத்தனை பேரை வாக்காலும் ஹிட்டாலும் பேஸில் ஏற்றினார் என்ற கணக்கு. 1980-இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் ஃபேன்டஸி லீக்குகளுக்கு முன்னோடியான முதல் ரோட்டிசரி லீகைத் தொடங்கியபோதே சேர்த்துக்கொண்ட பிரிவு அது. அதை உருவாக்கியவரும் ஓக்ரென்ட்தான். உங்கள் பிட்ச்சர் ஒரு ஹிட்கூடக் கொடுக்காவிட்டாலும் அவருடைய விப் 0.61-இல் தொடங்குகிறது. மேஜர் லீகில் எல்லோருக்குமான சராசரி 1.3-ஐ ஒட்டி இருக்கும். டபுள்-ஏ பேட்டர்கள் துரத்தும் பந்துகளை மேஜர் லீக் பேட்டர்கள் துரத்த மாட்டார்கள். வாக் அங்கே இன்னும் கூடும். ஸ்ட்ரைக்-அவுட் பிரிவில் அவர் தரும் லாபத்தை விப்பும் ஈஆர்ஏவும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

2.86 ஈஆர்ஏ இருக்கிறதே என்பீர்கள். பேஸில் ஏறியவர்கள் அங்கேயே நின்றதால் வந்த எண் அது. இத்தனை வாக் கொடுப்பவருக்கு அந்த அதிர்ஷ்டம் நீண்ட நாள் கூட வருவதில்லை.

ஸ்டீவ் டல்கோவ்ஸ்கி என்ற பெயர் ப்ராஸ்பெக்ட் பின்தொடரும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1957-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அமைப்பில் சேர்ந்தவர். அவரைவிட வேகமாக எறிந்தவரைப் பார்த்ததில்லை என்று அவரோடு ஆடிய பலர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேகம் அளக்கும் கருவி மைதானங்களுக்கு வராத காலம், எனவே எத்தனை மைல் என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 1960-இல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் அணிக்கு 170 இன்னிங்ஸ் எறிந்தார். 262 ஸ்ட்ரைக்-அவுட். வாக் எண்ணிக்கையும் 262. பிறகு எல்மைரா அணியில் ஏர்ல் வீவர் என்ற மேனேஜரிடம் போய்ச் சேர்ந்ததும் கட்டுப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 1963 வசந்தகாலப் பயிற்சியில் மேஜர் லீக் அணியில் இடம் கிட்டத்தட்ட உறுதி என்ற நிலையில் முழங்கை போனது. ஒரு மேஜர் லீக் பந்துகூட எறியாமல் அவருடைய ஆட்டம் முடிந்தது.

ராண்டி ஜான்சன் இருக்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. 1990, 1991, 1992 மூன்று ஆண்டுகளும் லீகிலேயே அதிக வாக் கொடுத்தவர் அவர். 1991-இல் மட்டும் 152. பிறகு கட்டுப்பாடு வந்தது, சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதை ஐந்து முறை வாங்கினார். அது வந்தபோது அவருக்கு வயது 29. உங்கள் பிட்ச்சருக்கு இப்போது 22. ஏழு ஆண்டுகள் ஒரு இடத்தை அவருக்காகக் காலியாக வைத்திருக்க உங்கள் லீக் அனுமதித்தாலும், அப்படிக் காத்திருந்த ஒவ்வொரு ராண்டி ஜான்சனுக்கும் எதிரே வராமலே போனவர்கள் எத்தனையோ பேர்.

முழங்கையும் இருக்கிறது. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாக டாமி ஜானுக்குச் செய்த அந்த அறுவை சிகிச்சை எத்தனையோ பேரின் வாழ்க்கையைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஒருமுறை செய்துகொண்டவருக்கு இரண்டாவது முறை தேவைப்படாது என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுப்பதில்லை. குமார் ராக்கரை நீங்கள் ஃபிரிஸ்கோவிலேயே பார்த்திருப்பீர்கள். தாய்வழியில் இந்திய வம்சாவளி என்பதால் நம்மில் பலரும் அவரைத் தனி ஆர்வத்தோடு பின்தொடர்ந்தோம். கிளப்புகள் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டில் 2021-இல் நியூயார்க் மெட்ஸ் அவரை 10-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. மருத்துவப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போடவில்லை. மறு ஆண்டு ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023-இல் டாமி ஜான் அறுவை. 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீகுக்கு வந்தார். இவ்வளவு திறமை உள்ளவருக்கே பாதை இப்படி. 1991-இல் நாட்டிலேயே முதல் ஆளாக யாங்கீஸ் எடுத்த பிரையன் டெய்லர் 1992-இல் பேஸ்பால் அமெரிக்கா பத்திரிகையின் ப்ராஸ்பெக்ட் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார். தோளில் பட்ட காயத்தால் மேஜர் லீகுக்கு வரவே இல்லை.

இதெல்லாம் தனித்தனிக் கதைகள்தானே என்றால், மொத்தக் கணக்கும் இதையே சொல்கிறது. பேஸ்பால் அமெரிக்கா 1990-இல் தொடங்கிய முதல் 100 பேர் பட்டியலில் 2003 வரை இடம்பெற்றவர்களை ஒருவர் பின்னாளில் ஆராய்ந்து பார்த்தார். ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் மேஜர் லீகில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யவில்லை. பேட்டர்களைவிடப் பிட்ச்சர்கள் தோற்றுப்போன விகிதம் தெளிவாகவே அதிகம். எனக்குத் தெரிந்து டைனஸ்டி லீகில் தொடர்ந்து ஜெயிப்பவர்கள் இளம் பிட்ச்சர்களை அதிகம் சேர்த்து வைப்பதில்லை. பிட்ச்சர் தேவைப்பட்டால் மேஜர் லீகில் ஏற்கெனவே எறிந்துகொண்டிருப்பவரை வாங்குகிறார்கள். பால் ஸ்கீன்ஸ் போல 2023-இல் முதல் ஆளாகத் தேர்வாகி, 2024 மே மாதத்திலேயே மேலே வந்து, 1.96 ஈஆர்ஏவோடு அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆகிறவர்கள் உண்டு. ஸ்கீன்ஸுக்கு வேகத்தோடு கட்டுப்பாடும் இருந்தது. உங்கள் பிட்ச்சரிடம் இல்லாதது அதுதான்.

கொடுக்க மனம் வரவில்லை என்கிறீர்கள். உங்கள் ஊர்க் கிளப்பான ரேஞ்சர்ஸ் என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். 2023 ஜூலையில் ஃபிரிஸ்கோவில் ஷார்ட்ஸ்டாப் ஆடிக்கொண்டிருந்தவர் லூயிஸ்ஆஞ்சல் அகுன்யா. நட்சத்திர வீரர் ரொனால்ட் அகுன்யாவின் தம்பி. நீங்களும் மகனும் நிச்சயம் கைதட்டியிருப்பீர்கள். ரேஞ்சர்ஸ் அவரை மெட்ஸிடம் கொடுத்துவிட்டுப் பிட்ச்சர் மேக்ஸ் ஷெர்சரை வாங்கியது. அப்போது ஷெர்சருக்கு 39 வயது. அதற்கு ஒரு மாதம் முன்பு கோல் ரேகன்ஸ் என்ற இளம் பிட்ச்சரைக் கான்சாஸ் சிட்டிக்குக் கொடுத்து, மூத்த பிட்ச்சர் அரோல்டிஸ் சாப்மனை வாங்கியிருந்தது. அந்த நவம்பரில் ரேஞ்சர்ஸ் தன் வரலாற்றில் முதன்முறையாக மேஜர் லீகின் கோப்பைக்கான உலகத் தொடரை வென்றது.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த ரேகன்ஸ் இரண்டு டாமி ஜான் அறுவைகளைத் தாண்டி வந்தவர். கான்சாஸ் சிட்டிக்குப் போய் 2024-இல் ஆல்-ஸ்டார் ஆனார், சை யங் வாக்கெடுப்பில் நான்காவது வந்தார். இடது கைப் பிட்ச்சர் ஒருவரை ரேஞ்சர்ஸ் இழந்தது நிஜம். நீங்கள் கொடுக்கும் பிட்ச்சரும் நாளை அப்படி ஆகலாம். வாய்ப்பு குறைவு, ஆனால் ஆகலாம். அந்தச் சாத்தியம் இருப்பதால்தான் இன்று அவருக்கு ஒரு விலை இருக்கிறது. ரேகன்ஸ் ஜொலித்ததால் 2023 கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ரேஞ்சர்ஸின் ஊரான ஆர்லிங்டனில் யாரும் கேட்கவில்லை.

இப்போது உங்கள் லீகுக்கு வருவோம். நான்காவது இடம், மூன்றாவது கைக்கெட்டும் தூரம். இந்த நிலையில் 30 ஹோம் ரன் அடிக்கும் அவுட்ஃபீல்டர் உங்களுக்கு உண்மையிலேயே தேவை. பத்தாவது இடத்தில் இருந்திருந்தால் 31 வயதுக்காரரை வாங்காதீர்கள் என்றே சொல்லியிருப்பேன். அவரிடம் நல்ல ஆண்டுகள் இரண்டோ மூன்றோ மிச்சம். அவை உங்களுக்குப் பயன்பட வேண்டுமானால் இப்போதே போட்டியில் இருக்க வேண்டும், இருக்கிறீர்கள்.

ஆனால் அவருக்காக இரண்டு பேரையும் கொடுப்பது அதிகம். உங்கள் பட்டியலை முழுவதும் பார்த்தேன். ரீனோவில் டிரிபிள்-ஏ ஆடும் 25 வயது ஃபர்ஸ்ட் பேஸ்மேன் ஒருவரை வைத்திருக்கிறீர்கள். 22 ஹோம் ரன் அடித்திருக்கிறார் என்று பெருமையாக அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். ரீனோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 அடி உயரம். காற்று மெல்லியது, பந்து பறக்கும். அவருடைய மேல் கிளப் அரிசோனா ஆடும் ஃபீனிக்ஸ் சுமார் 1,100 அடி. ரஃப்ரைடர்ஸ் ஆடும் டெக்சாஸ் லீகிலேயே அமரில்லோவில் பந்து எப்படிப் போகிறது என்று பார்த்திருப்பீர்கள், அதுவும் உயரமும் காற்றும் சேர்ந்த மைதானம். 25 வயதில் ரீனோவில் 22 ஹோம் ரன் என்பதை அப்படியே மேஜர் லீகுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆனால் ஹோம் ரன் அடிப்பவரைக் கொடுத்துவிடும் நண்பருக்கு அந்த இடத்தை நிரப்ப ஹோம் ரன் தேவைப்படும். பிட்ச்சரோடு இவரையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்கும் நண்பர் தயங்கினால், உங்கள் லீகில் அடுத்த ஆண்டு புதிய வீரர்களை எடுக்கும்போது உங்களுக்குள்ள இரண்டாம் சுற்றுத் தேர்வைச் சேர்க்கலாம், முதல் சுற்றைத் தொடாதீர்கள்.

டிரேடை இந்த வாரமே பேசுங்கள். சீசன் நடுப் பட்டியல்கள் வெளியாகி, உங்கள் பிட்ச்சர் பெயர் எல்லோர் வாயிலும் இருக்கும் நேரம் இது. இளம் வீரரின் விலை மேஜர் லீகுக்குள் காலடி வைப்பதற்கு முன்புதான் உச்சத்தில் இருக்கும். வந்து முதல் மாதம் தடுமாறினால் பாதியாகிவிடும். ஜாக்சன் ஹாலிடே 2022-இல் நாட்டின் முதல் தேர்வு. 2024 தொடங்கும்போது ப்ராஸ்பெக்ட்களில் முதலிடம். ஏப்ரலில் பால்டிமோருக்கு ஆட வந்து 34 அட்-பேட்டில் இரண்டே ஹிட். திருப்பி அனுப்பினார்கள். ஜூலை 31-இல் மீண்டும் வந்த அன்றே கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன்) அடித்தார். நடுவில் இருந்த அந்த மூன்று மாதங்களில் அவரைச் சல்லிசாக விற்றவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஷார்ட்ஸ்டாப்புக்கும் இப்படி ஒரு மாதம் வரும். வரும்போது விற்காதீர்கள். ஜூரிக்சன் ப்ரோஃபார் 2013-இல் ப்ராஸ்பெக்ட் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர். தோள் காயத்தில் 2014 முழுவதையும் 2015-இன் பெரும்பகுதியையும் இழந்து, கிளப் கிளப்பாகப் போய், முதல் ஆல்-ஸ்டார் ஆட்டத்தை 2024-இல் 31 வயதில் ஆடினார். 2025-இல் தடைசெய்யப்பட்ட மருந்துக்காக 80 ஆட்டங்கள் தண்டனையும் பெற்றார். இந்த வளைவு நெளிவுகளை யாராலும் முன்கூட்டிக் கணிக்க முடியாது.

அந்த ஷார்ட்ஸ்டாப் எப்போது மேலே வருவார் என்றும் கேட்டிருந்தீர்கள். திறமை மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஒரு முழு ஆண்டாகக் கணக்கு. ஆறு ஆண்டு ஆனால் வீரர் சுதந்திரமாக எந்த கிளப்புக்கும் போகலாம். 2015-இல் சிகாகோ கப்ஸ் கிரிஸ் பிரையன்ட்டை ஏப்ரல் 17 வரை கீழேயே வைத்திருந்தது. அவருக்கு 171 நாள் கிடைத்தது, ஒரு நாள் குறைவு. கப்ஸுக்கு அவர் மேல் ஓர் ஆண்டு உரிமை கூடியது. கிளப்புகளும் வீரர்களும் போட்ட 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ப்ராஸ்பெக்ட் பட்டியலில் இடம்பெற்ற புதுமுகத்தைச் சீசன் தொடக்கத்திலிருந்தே ஆடவைத்து, அவர் பெரிய விருதுகளில் முன்னணிக்கு வந்தால் கிளப்புக்கு டிராஃப்டில் கூடுதல் தேர்வு ஒன்று கிடைக்கும். என் கணிப்பில் உங்கள் பையன் அடுத்த ஆண்டு நடுவிலோ அதற்கடுத்த ஆண்டு தொடக்கத்திலோ வருவான். அதற்குள் அவசரப்பட வேண்டியதில்லை.

மீதமுள்ள 16 பேரில் பாதிப்பேரை விடுவித்துவிடுங்கள். டொமினிகன் கோடைக்கால லீகில் ஆடும் 17 வயதுப் பையன்கள் நான்கு பேரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்; அவர்கள் மேலே வர இன்னும் நான்கைந்து ஆண்டு ஆகும். அவர்கள் அடைத்திருக்கும் இடங்களில் இன்று ஆடும் ஒரு ரிலீஃப் பிட்ச்சரையும் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து எறிபவர்) இரண்டு பயன்படும் பேட்டர்களையும் வைத்திருந்தால் இந்த ஐந்து ஆண்டுகளில் ஒருமுறையாவது மூன்றாம் இடம் வந்திருப்பீர்கள் என்பது என் கருத்து.

மகனைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. டிரேட் முடிந்த பிறகு அவன் வேறு யாரிடமிருந்தோ கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். முன்பே உட்கார வைத்து எண்களைக் காட்டுங்கள். பத்து வயதில் 88-ஐயும் 54-ஐயும் வகுக்கத் தெரியும். "அப்பா, அவரை இனிமே பிடிக்காதா?" என்று கேட்பான். பிடிக்கும் என்று சொல்லுங்கள், அது உண்மைதானே. ஃபேன்டஸி அணியில் இல்லாததால் அவர் எறியும் நாளில் நீங்கள் மைதானத்துக்குப் போகக்கூடாது என்று ஒரு விதியும் இல்லை. சொல்லப்போனால் இனி நிம்மதியாகப் பார்க்கலாம். ஒவ்வொரு முறை அவர் வாக் கொடுக்கும்போதும் உங்கள் விப் என்ன ஆகும் என்று போனை எடுக்க வேண்டியதில்லை. அவனுக்கு ஒரு ஸ்கோர் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். பந்துக்குப் பந்து அவனே குறிக்கட்டும். உங்களுக்குப் பிடித்த பையன்களுக்கு என்று தனியாக ஒரு நோட்டு இருக்கட்டும், அதில் யாரையும் விற்கவோ வாங்கவோ வேண்டாம். ஈவன் கார்ட்டர் என்ற அவுட்ஃபீல்டரை இப்படித்தான் பின்தொடர்ந்திருக்க வேண்டும். 2020-இல் ரேஞ்சர்ஸ் 50-ஆவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தபோது யார் இவர் என்று எல்லோரும் கேட்டார்கள். ஃபிரிஸ்கோ வழியாக வந்து, 2023 செப்டம்பரில் மேஜர் லீகில் முதல் ஆட்டம், நவம்பரில் உலகத் தொடர் வெற்றி. மறு ஆண்டே முதுகு வலியால் பெரும்பகுதி ஆட முடியவில்லை. ஃபேன்டஸி அணியில் வைத்திருந்தவருக்கு 2024 நஷ்டம்தான். அவரை ஃபிரிஸ்கோவில் பார்த்த ஒரு சிறுவனுக்கு அந்த 2023 அக்டோபர் யாராலும் எடுத்துக்கொள்ள முடியாதது.

இன்னொன்று, இதை அழுத்தியே சொல்கிறேன். சரியாக ஆடாத நாளில் அந்த வீரர்களின் சமூக ஊடகப் பக்கத்தில் போய்த் திட்டுபவர்கள் உங்கள் லீகில் யாராவது இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். 2023 ஒப்பந்தத்தில் டபுள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 30,250 டாலர் ஆனது. அதற்கு முன்பு அதில் பாதிகூட இல்லை. பேருந்தில் அமரில்லோவுக்கும் மிட்லண்டுக்கும் போய்வரும் 22 வயதுப் பையன் உங்கள் லீகின் விப் கணக்குக்குப் பொறுப்பாளி ஆக மாட்டான்.

சரி, நண்பருக்கு அனுப்ப வேண்டிய செய்தி இதுதான்: "பிட்ச்சரையும் ரீனோ ஃபர்ஸ்ட் பேஸ்மேனையும் தருகிறேன், அவுட்ஃபீல்டரைக் கொடு." மறுத்தால் இரண்டாம் சுற்றுத் தேர்வைச் சேர்த்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஷார்ட்ஸ்டாப்தான் வேண்டும் என்று நின்றால் பேச்சை அங்கேயே முடித்துவிட்டு, 30 ஹோம் ரன் அடிக்கும் வேறொருவரை வைத்திருக்கும் அடுத்த ஆளிடம் போங்கள். 12 பேர் லீகில் அப்படி இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். சீசன் முடிந்ததும் எந்த இடத்தில் முடித்தீர்கள் என்று எழுதுங்கள். ஷார்ட்ஸ்டாப்பின் கடைசி இரண்டு மாத ஸ்ட்ரைக்-அவுட், வாக் எண்களையும் கூடவே அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.